தேன்குழல் ஒன்றரை, காரம் கம்மி: வாட்ஸ்அப் ஆர்டர் வரிகளைத் தரவாக்குவது எப்படி?

கேள்வி, 9 ஆகஸ்ட் 2025

பள்ளத்தூர்ல வீட்டுப் பலகாரக் கடை. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்லதான் வருது. பைத்தான்ல ஒரு சின்ன நிரல் எழுதி, வர்ற வரியைப் பொருள், அளவு, அலகுன்னு பிரிச்சு அட்டவணையில ஏத்தணும். கமாவுல உடைச்சு, நல்ல ரெஜெக்ஸ் (எழுத்து அமைப்பைச் சொல்லித் தேடுற குறியீடு) ஒண்ணு போட்டா எல்லாத்தையும் பிடிச்சிடலாம்னு நினைக்கிறேன். யார்கிட்டயாவது இருந்தா போடுங்க.

9 ஆகஸ்ட், இரவு

ஒரே ரெஜெக்ஸில் பிடிபடாது. காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு ஆச்சி கடைக்கு இதே வேலையைச் செய்து கொடுத்து, இன்னும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயர், எண் எல்லாம் எடுத்துவிட்டு, வந்த வரிகளை வந்தபடி போடுகிறேன்:

ஆச்சி தேன்குழல் ஒன்றரை கிலோ மனகோலம் அரை அதிரசம் 25 காரம் கம்மி

தேன்குழல், சீப்புச்சீடை தலா 1 கி. வெள்ளி காலை வேணும்

ஒரு ரெண்டு கிலோ கைமுறுக்கு போடுங்க, கொஞ்சம் சிவக்க

மாவுருண்டை 1½, கவுனி அரிசி 2கிலோ, டின் வேணாம் கவர் போதும்

முதல் வரியில் கமாவே இல்லை. இரண்டாவதில் கமா இருக்கிறது, ஆனால் அங்கே உடைத்தால் தேன்குழல் அளவில்லாமல் அநாதையாக நிற்கும். ‘தலா’ என்ற சொல் பின்னோக்கிப் போய் இரண்டுக்கும் அளவு கொடுக்கிறது. மூன்றாவதில் ‘ஒரு ரெண்டு கிலோ’ என்றால் ஒன்றும் இரண்டும் இல்லை, ஏறக்குறைய இரண்டு. நம் ஊரில் யாரும் அதை வேறு மாதிரி படிக்க மாட்டார்கள், நிரல் படிக்கும். ‘ஒரு அரை கிலோ’வை ஒன்றரை என்று கூட்டிவிடும்.

முதல் வரியின் ‘மனகோலம் அரை’, ‘அதிரசம் 25’ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னால் வந்த கிலோவை அடுத்த பொருளுக்கும் கொண்டுபோனால் மனகோலம் சரியாக வரும், அதிரசம் 25 கிலோ ஆகிவிடும். அலகு வரியில் இல்லாதபோது அதைப் பொருளிடம்தான் கேட்க வேண்டும். எங்கள் பொருள் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘வழக்கமான அலகு’ என்று ஒரு கட்டம் உண்டு. தேன்குழலுக்குக் கிலோ, அதிரசத்துக்கு எண்ணிக்கை. ரெஜெக்ஸுக்கு முன்னால் அந்தப் பட்டியலை எழுதுங்கள். ஆச்சியோடு உட்கார்ந்து எழுதுங்கள்.

10 ஆகஸ்ட்

ரெஜெக்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் தமிழை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள் என்கிறேன்.

பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்றால் ‘சொல்லுக்குள் வரும் எழுத்து’. அகர மெய்யும் உயிரும் அதில் அடங்கும். புள்ளி, துணைக்கால், கொம்பு எதுவும் அடங்காது. ‘தேன்குழல்’ என்பதைக் கொடுத்துச் சொற்களைப் பொறுக்கச் சொன்னால் த, ன, க, ழல என்று நாலு துண்டு வரும். பேக்ஸ்லாஷ் பி, அதாவது சொல் எல்லைக் குறி, இதைவிட மோசம். ‘கால்’ என்ற சொல்லை இரு பக்கமும் எல்லைக் குறி வைத்துத் தேடினால், ‘கால் கிலோ’ சிக்காது. புள்ளியும் எழுத்தில்லை, இடைவெளியும் எழுத்தில்லை, ஆகவே நடுவில் எல்லையே இல்லை என்று அது நினைக்கிறது. ஆனால் ஒட்டி எழுதிய ‘கால்கிலோ’ சிக்கும்! சரி, புள்ளியை விட்டுவிட்டு ‘கால’ என்று தேடலாமே என்றால், அது ‘வெள்ளி காலை’க்குள்ளே போய் உட்கார்ந்து கால் கிலோ என்று சொல்லும்.

தீர்வு இரண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு, தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களையும் வீச்சாகக் கொடுத்து, அதையே ‘எழுத்து’ என்று வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ‘ரெஜெக்ஸ்’ என்ற பெயரிலேயே தனியாகக் கிடைக்கும் தொகுப்பை நிறுவலாம், அது குறிகளையும் சேர்த்தே சொல்லாக எடுக்கும். நான் முதல் வழியில் இருக்கிறேன், கூடுதலாக எதையும் நிறுவ வேண்டாம் என்பதால்.

10 ஆகஸ்ட், கொஞ்சம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு படி விட்டுப்போனது. எதற்கும் முன்னால் வரியை ஒழுங்குபடுத்தணும். ‘ொ’ என்ற குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு. யூனிகோடு ஒழுங்குமுறைகளில் என்எஃப்சி இதைச் சரிசெய்யும்.

என்எஃப்கேசி இன்னும் பலமானது என்று சிலர் அதைப் போடச் சொல்வார்கள். இந்த வேலைக்குப் போடாதீர்கள். ‘1½’ அதன் வழியே போனால் ½ பிரிந்து 1, சாய்கோடு, 2 என்று ஆகும். முன்னால் நிற்கும் 1 அதோடு ஒட்டிக்கொள்ளும். கையில் கிடைப்பது ‘11⁄2’. ஒன்றரை கிலோ மாவுருண்டை ஐந்தரை கிலோ ஆகும். ½, ¼, ¾ மூன்றையும் முதலிலேயே முன்னால் ஒரு இடைவெளியோடு தனித் துண்டாக்கிவிட்டு அப்புறம் மற்றதைச் செய்யுங்கள்.

என்எஃப்சியாலும் ஆகாத ஒன்று உண்டு. கௌனி, கெளனி. திரையில் வித்தியாசம் தெரியாது. முதலாவது ஔகாரக் குறி, இரண்டாவது கொம்புக்குப் பின்னால் ள என்ற எழுத்தையே தட்டியது. யூனிகோடு கணக்கில் இரண்டும் வேறு சொற்கள்தான், ஒழுங்குமுறை தொடாது. கவுனி, கௌனி, கெளனி மூன்றையும் மாற்றுப் பெயர்ப் பட்டியலில் ஏற்றிவிட்டேன். மனகோலம், மணகோலம், மனோகோலம் என்று எழுதுகிறவர்களும் உண்டு.

12 ஆகஸ்ட்

அளவுச் சொற்களை வரிசையாகப் போடச் சொல்லி ஒருவர் கேட்டிருந்தார். கால், அரை, முக்கால், ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால், அப்படியே மேலே. ஒவ்வொன்றுக்கும் பேச்சு வடிவம் உண்டு: ஒண்ணேகால், ஒன்னரை, ரெண்டரை, காக்கிலோ, அரக்கிலோ, முக்காக்கிலோ. ‘அரைக்கால்’ என்றால் எட்டில் ஒரு பங்கு, அரையும் காலும் சேர்ந்த முக்கால் இல்லை. ஆகவே நீளமான சொல்லை முதலில் ஒப்பிட்டுவிட்டுத்தான் குட்டையானதற்கு வரணும். இப்போது கிலோவில் யாரும் அரைக்கால் கேட்பதில்லை, படிக் கணக்கில் பேசும் வயதானவர்களிடம் வரும்.

‘அரைக் கிலோ’, ‘ஒன்றரைக் கிலோ’ என்று ஒற்று மிகுந்து வந்தால், சொல்லின் கடைசியில் நிற்கும் க் என்பதை வெட்டிவிட்டுத் தேடுங்கள். எந்த அளவுச் சொல்லும் க் என்று முடிவதில்லை, பயமில்லாமல் வெட்டலாம்.

‘அரைச்ச மாவு 2 கிலோ’ என்று வரும். சொல்லின் முன்பகுதியை மட்டும் பார்த்து ‘அரை’ என்று முடிவு கட்டக் கூடாது. இடைவெளியில் உடைத்து, முழுச் சொல்லாக ஒப்பிடுவதே நிம்மதி.

சேமிக்கும்போது கிராமில், முழு எண்ணாக வையுங்கள். ஒன்றேகால் கிலோ என்றால் 1250. தசமத்தை வைத்துக்கொண்டு பின்னால் கூட்டிக் கழித்து வம்பில் மாட்ட வேண்டாம்.

12 ஆகஸ்ட், இரவு

தமிழ் எண்கள் வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு: ௨௫ என்பதைப் பைத்தானின் முழு எண் மாற்றி அப்படியே 25 ஆக்கிவிடும், தனியாக எதுவும் எழுத வேண்டாம். ௰, ௱, ௲ ஆகாது, அவை இலக்கம் என்ற வகையில் இல்லை. ஆர்டரில் இதுவரை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

17 ஆகஸ்ட்

இந்த வேலையில் நான் முக்கியம் என்று நினைப்பதை இப்போது சொல்கிறேன், மற்றதெல்லாம் இதற்குக் கீழேதான்.

வரியைப் பிரிக்கும் நிரல் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. எது புரியவில்லை என்று அதற்குத் தெரிந்தால் போதும். எனது நிரல் திருப்பிக் கொடுப்பது மூன்று: வந்த வரி அப்படியே, புரிந்த பொருட்கள், எதிலும் ஒட்டாத மீதிச் சொற்கள். முதல் உதாரணத்துக்கு இப்படி வரும்:

பொருள்: தேன்குழல், அளவு: 1500, அலகு: கிராம்
பொருள்: மனகோலம், அளவு: 500, அலகு: கிராம், அலகு ஊகம்: ஆம்
பொருள்: அதிரசம், அளவு: 25, அலகு: எண்ணிக்கை, அலகு ஊகம்: ஆம்
மீதி: ஆச்சி, காரம் கம்மி

‘ஆச்சி’, ‘அண்ணே’, ‘வணக்கம்’, ‘போடுங்க’ என்று தள்ளிவிடக்கூடிய சொற்களுக்கு ஒரு சின்னப் பட்டியல் வைத்து மீதியிலிருந்து எடுத்துவிடலாம். அந்தப் பட்டியலை மட்டும் கஞ்சத்தனமாக வளருங்கள். ‘கம்மி’, ‘இல்லாம’, ‘வேணாம்’, ‘மட்டும்’ போன்ற சொற்கள் ஒருநாளும் அதில் ஏறக் கூடாது. மீதி காலியாக இருந்தால் வரி நேரே அட்டவணைக்குப் போகும், ஒரு சொல் இருந்தாலும் ஆச்சியின் திரையில் மஞ்சளாக நிற்கும். அவர் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார், ஒரு விநாடி வேலை.

காரம் கம்மி என்பது எதற்கு? தேன்குழலுக்கா, மனகோலத்துக்கா? மனகோலம் இனிப்பு, அதிரசமும் இனிப்பு, ஆகவே தேன்குழலுக்கு என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். சொல்லிக்கொடுத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். அடுத்து வருகிறவர் ‘கைமுறுக்கு 1, தேன்குழல் 1, காரம் கம்மி’ என்பார், அப்போது இரண்டும் கார வகை. ஆச்சிக்கு அந்த வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்று தெரியும், நிரலுக்குத் தெரியாது.

இதைப் பழைய செட்டியார் கடைக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். சிட்டையில் நடந்தது நடந்தபடி நேர வரிசையில் விழும். பேரேட்டுக்கு ஆள்வாரியாக, பொருள்வாரியாக ஏற்றுவார்கள். பேரேட்டில் சந்தேகம் வந்தால் சிட்டையைப் புரட்டுவார்கள். பேரேட்டில் ஏற்றியாகிவிட்டது என்று சிட்டையை யாரும் கிழித்துப் போடுவதில்லை. வந்த வரியை அழித்துவிட்டுத் தரவை மட்டும் வைத்துக்கொள்கிற நிரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

18 ஆகஸ்ட்

‘எதை வேண்டுமானாலும் தாராளமாக ஏற்றுக்கொள், கொடுப்பதைக் கறாராகக் கொடு என்று இணைய நெறிமுறையிலேயே இருக்கிறதே, நீங்கள் ஏன் இவ்வளவு கறார்?’ என்று ஒருவர்.

ஆமாம், இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளில் ஒன்றான டிசிபியின் ஆவணத்தில் ஜான் போஸ்டல் எழுதியது, 1981இல் வந்த ஆர்எஃப்சி (இணைய நெறிமுறை ஆவண வரிசை) 793இல் இருக்கிறது. அதே நெறிமுறைகளைப் பராமரிக்கிறவர்கள் 2023இல் ஆர்எஃப்சி 9413இல் அதன் மறுபக்கத்தையும் எழுதிவிட்டார்கள். பிழையைச் சத்தமில்லாமல் பொறுத்துக்கொண்டே போனால், நாளடைவில் அந்தப் பிழையே வழக்கமாகி, எல்லாரும் அதைத் தாங்க வேண்டி வரும் என்பது அதன் சாரம். நான் ஏற்றுக்கொள்வதில் தாராளம்தான். எந்த வரியையும் ‘தவறான வடிவம்’ என்று திருப்பி அனுப்புவதில்லை. வாடிக்கையாளர் எழுதுகிறபடி எழுதட்டும். சத்தமில்லாமல் விழுங்குவதுதான் ஆகாது.

24 ஆகஸ்ட்

எழுத்துப் பிழை. ‘தேங்குழல்’, ‘தேன்குழள்’, ‘அதிரசம்’ என்பதற்கு ‘அதிரஸம்’. இதற்குச் சொற்களின் ஒற்றுமையை அளக்கும் பைத்தானின் டிஃப்லிப் போட்டு நெருங்கிய சொல்லைத் தேடலாம் என்று எழுதியிருந்தீர்கள். போடலாம், ஆனால் கவனம். அதன் வாசல் மதிப்பு, அதாவது இவ்வளவு ஒத்திருந்தால் போதும் என்ற கோடு, தானாக 0.6 (முழுக்க ஒன்று என்றால் 1). ‘எள்ளுருண்டை’யையும் ‘நெய்யுருண்டை’யையும் ஒப்பிட்டால் ஏறக்குறைய 0.7 வரும், பின்பாதி முழுக்க ஒன்றுதானே. கடையில் எள்ளுருண்டை இல்லை, நெய்யுருண்டை மட்டும் இருக்கிறது என்றால் கேட்டவருக்கு அதுவே போய்ச் சேரும்.

நான் நெருங்கிய சொல்லை முடிவாக எடுப்பதில்லை. ‘இதுவா?’ என்று ஆச்சியின் திரையில் காட்டுகிறேன். அவர் ஆம் என்று தட்டினால் அந்த எழுத்து வடிவம் மாற்றுப் பெயர்ப் பட்டியலில் ஏறும், அடுத்த முறை கேள்வி இல்லை. தொடக்கத்தில் திரை முழுக்க மஞ்சளாக இருந்தது. இப்போது எப்போதாவதுதான்.

28 ஆகஸ்ட்

பிள்ளையார் சதுர்த்தி ஆர்டர் ஓய்ந்தது. அந்தக் கூட்டத்தில் கண்ட ஒன்று. ‘நேத்து சொன்னதோட இன்னும் அரை சேத்துக்கங்க’, ‘சீடை வேணாம், அதுக்குப் பதிலா மாவுருண்டை’. இவை புது ஆர்டர் இல்லை, பழையதைத் திருத்துகிற வரிகள். ‘பதிலா’, ‘சேத்து’, ‘நேத்து சொன்ன’, ‘வேணாம்’ எது வந்தாலும் அளவு தெளிவாகவே இருந்தாலும் முழு வரியையும் மஞ்சளாக்கிவிடுகிறேன். இதை நிரலே தீர்க்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டேன்.

6 செப்டம்பர்

ஆத்தங்குடியிலிருந்து தரைக்கல் பட்டறைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார், இதே முறை அங்கே ஓடுமா என்று. கண்ணாடி மேல் அச்சு வைத்து ஒவ்வொரு கல்லாக வண்ணம் ஊற்றுகிற தொழில். ஆர்டர் வருவது ‘பத்துக்குப் பத்து பச்சை பூக்கல்லு 2 சதுரம், பார்டர் தனியா’ என்று.

ஓடும். பொருள் பட்டியல் மட்டும் வேறு. அளவை 10க்கு 10, 10*10, 10×10 என்று எழுதுவார்கள், ஆங்கில எழுத்து எக்ஸும் வரும், பெருக்கல் குறியும் வரும், கண்ணுக்கு ஒரே மாதிரி. எல்லாவற்றையும் முதலில் ஒரே குறியாக்குங்கள். ‘க்கு’ வந்தாலே அளவு என்று எடுக்காதீர்கள், ‘10 மணிக்கு 10 பேர் இறக்க வருவாங்க’ என்று அடுத்த வரி வரும். எண், உடனே க்கு, உடனே எண் என்றால் மட்டும் அளவு.

சதுரம் என்றால் நூறு சதுர அடி. கொத்தனாரைக் கேட்டால் தெரியும், நிரலுக்கு நீங்கள்தான் சொல்லணும். 2 சதுரம் என்றால் பத்து அங்குலக் கல் 288, எட்டு அங்குலக் கல் 450, உடைசல் தனி. ‘சதுர’ என்ற முன்பகுதியை மட்டும் பார்த்துச் சதுர அடி என்று எடுத்தால் வீட்டுக்கு மூணு கல் போய் இறங்கும்.

7 செப்டம்பர்

‘வரி எதற்கு, வாடிக்கையாளருக்கே யாமல் (கட்டத்தின் பெயர், அதன் மதிப்பு என்று எழுதும் கோப்பு வடிவம்) மாதிரி ஒரு வடிவம் கொடுத்து நிரப்பச் சொல்லலாமே.’

சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஊர்க் கல்யாணத்துக்குப் பலகாரம் சொல்கிறவர் படிவம் நிரப்ப மாட்டார், ஆச்சிக்கு நேரே ஃபோன் போட்டுவிடுவார். அது ஒருபுறம் இருக்கட்டும். யாமலும் உங்களைக் கேட்காமல் ஊகிக்கும். பைத்தானில் பரவலாகப் பயன்படும் பையாமல் தொகுப்பு யாமல் 1.1 விதிகளின்படி நடக்கிறது. ‘நேரம்’ என்ற கட்டத்தில் 10:30 என்று எழுதினால் அதை அறுபதின் அடிமானமாக எடுத்து 630 என்று கொடுக்கும். ஆங்கிலத்தில் ‘நோ’ என்று எழுதினால் சொல் போய், பொய் என்ற தர்க்க மதிப்பு வரும். மேற்கோள் குறிக்குள் போட்டால் தப்பிக்கலாம், வாடிக்கையாளரிடம் போய் மேற்கோள் குறி போடுங்கள் என்றா சொல்வது?

21 செப்டம்பர்

தீபாவளி நெருங்குகிறது, தேதியைப் பற்றி எழுதியே ஆகணும்.

‘10/11க்குள் வேணும்.’ இங்கே எழுதினால் நவம்பர் 10. அமெரிக்காவில் இருக்கிற பேரன் எழுதினால் அக்டோபர் 11. இந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20, ஆகவே ஒன்று தீபாவளிக்கு முன்னால், ஒன்று பின்னால். தேதியைப் படிக்கும் பைத்தானின் டேட்யூட்டில் தொகுப்பு, எது முதலில் என்று சொல்லாவிட்டால் மாதத்தை முதலில் எடுக்கும். 13/10 என்று கொடுத்தால் மாதம் 13 இல்லையே என்று தானாகவே நாளை முதலில் எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடும். ஒரே பட்டியலில் பாதித் தேதிகள் ஒரு முறையிலும் பாதி இன்னொரு முறையிலும் விழும், பார்த்தால் எல்லாம் சரியான தேதி மாதிரியே இருக்கும்.

நாள் முதலில் என்று கட்டாயமாகச் சொல்லிவிடுங்கள். இரண்டு எண்ணும் 12க்குள் இருந்து, அனுப்பிய எண் வெளிநாட்டு எண் என்றால் மஞ்சள். ஆச்சி ஒரு வரி எழுதிக் கேட்பார்: ‘ஐப்பசியிலயா, புரட்டாசியிலயா தம்பி?’ அதற்கு வருகிற பதிலில் சந்தேகமே இருக்காது.

உரையாடலை ஏற்றுமதி செய்து படிக்கிறவர்களுக்கு: சில ஃபோன்களில் நேரத்துக்கும் ஏஎம், பிஎம்முக்கும் நடுவே இருப்பது சாதா இடைவெளி இல்லை, குறுகிய, உடையாத இடைவெளி. வடிவத்தில் நேரடியாக இடைவெளிக் கட்டையைத் தட்டியிருந்தால் பொருந்தாது. ரெஜெக்ஸில் இடைவெளி வகைகளைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் எஸ் போட்டால் பொருந்தும். அகலமே இல்லாத இடைவெளி என்று இன்னொன்று உண்டு, அதைப் பேக்ஸ்லாஷ் எஸ்ஸும் பிடிக்காது, தனியாகத் துடைக்கணும்.

5 அக்டோபர்

‘இத்தனை பாடு எதற்கு, ஏஐயிடம் கொடுத்தால் ஜேசனாக, அதாவது கட்டம் கட்டமாகப் பிரித்த தரவாகத் தந்துவிடுமே?’ இது இங்கே திரும்பத் திரும்ப வருகிறது, ஒதுக்காமல் பதில் சொல்கிறேன்.

கொடுத்துப் பார்த்தேன், இப்போதும் ஒரு பகுதிக்கு வைத்திருக்கிறேன். ‘தலா’, ‘ஒரு ரெண்டு’ எல்லாம் அதற்கு நன்றாகவே புரிகிறது. சிக்கல் வேறு இடத்தில். ‘சீப்புச்சீடையும் போடுங்க’ என்று அளவே சொல்லாத வரிக்கு 1 கிலோ என்று நிரப்பிக் கொடுத்தது. படிவத்தில் கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விட அதற்கு மனசு வரவில்லை. காலி என்பதும் பதில்தான் என்று சொன்ன பிறகு குறைந்தது, நிற்கவில்லை.

அதனால் ஒரு கட்டாயம் வைத்தேன். அது தருகிற ஒவ்வொரு மதிப்போடும், வந்த வரியில் எந்தச் சொற்களிலிருந்து எடுத்தது என்பதையும் எழுத்துக்கு எழுத்து தரணும். அந்தத் துண்டு வரியில் நிஜமாகவே இருக்கிறதா என்று சாதாரண நிரல் தேடிப் பார்க்கும். இல்லையென்றால் மதிப்பைத் தூக்கிவிட்டு மஞ்சள். துண்டு இருந்தால், ‘ஒன்றரை கிலோ’ என்பதை 1500 ஆக்குகிற வேலையை அதனிடம் விடுவதில்லை, மேலே சொன்ன அளவுப் பட்டியல்தான் செய்யும். எந்தத் துண்டிலும் சேராத சொற்கள் மீதிக்குப் போகும். முன்பு ரெஜெக்ஸ் இருந்த இடத்தில் இப்போது இன்னொன்று இருக்கிறது, மீதி என்ற கட்டம் அப்படியே இருக்கிறது.

23 அக்டோபர்

தீபாவளி முடிந்தது. சோதனைக் கோப்பைப் பற்றிப் பலர் கேட்டதால் அதையும் எழுதிவிடுகிறேன்.

கற்பனை வரிகளை வைத்துச் சோதிக்காதீர்கள். நாமே எழுதும் சோதனை வரிகள் எல்லாம் நாம் ஏற்கெனவே யோசித்த மாதிரியேதான் இருக்கும். மஞ்சளாக நின்ற ஒவ்வொரு வரியையும், ஆச்சி அதற்குக் கொடுத்த முடிவையும் சேர்த்து ஒரு கோப்பில் போட்டுக்கொண்டே வருகிறேன். நிரலில் எதைத் தொட்டாலும் கோப்பு முழுக்க ஓடணும். ஒரு வரி முன்பு மஞ்சளாக இருந்து இப்போது தானாகவே நேரே போனால், அது முன்னேற்றம்தானா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்கிறேன். நேரே போன வரி மஞ்சளானால் பரவாயில்லை, ஆச்சிக்கு ஒரு தட்டு கூடும், அவ்வளவுதான்.

பள்ளத்தூர்க்காரர் கோப்பைக் கேட்டிருந்தார். பெயர், ஃபோன் எண், வீட்டு விலாசம், ‘தெற்கு வீதி பெரிய வீடு’ மாதிரி அடையாளம் தெரிகிற சொற்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆச்சியிடம் ஒரு முறை காட்டி அவர் சரி என்றதும் அனுப்புகிறேன். பொருள் பட்டியலையும் மாற்றுப் பெயர்களையும் இப்போதே எடுத்துக்கொள்ளலாம். வழக்கமான அலகுக் கட்டத்தை மட்டும் உங்கள் கடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், உங்களிடம் கைமுறுக்கு எண்ணிக்கையில் விற்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.